ஜீப்பை நிறுத்தியது யார்?

முதிரைமோட்டையில் ஒரு ஜீப் இருந்தது. நஃப்லாவின் வாப்பா நிஸாருடைய ஜீப் அது. அதற்கு எத்தனை வயது என்று யாராவது கேட்டால் வாப்பா சிரிப்பார்.

"என்னைவிட மூத்தது. மரியாதையாக் கதையுங்கோ" என்பார்.

வயது போனாலும் அதற்குப் பலம் குறையவில்லை. மாரியில் செம்மண் பாதை சேறாகி ட்ராக்டர்களே புதைந்து நிற்கும்போது, இது நான்கு சில்லுகளாலும் உழுதுகொண்டு போய்விடும். காட்டோரத்திலிருந்து நெடுங்கேணிப் பள்ளிக்கூடத்துக்குப் போக ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த ஜீப்பை விட்டால் வேறு வழியில்லை. பஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதேயில்லை. யானைகள்தான் எட்டிப் பார்க்கும்.

ஆனால், சில மாதங்களாக ஜீப்புக்கு என்னவோ பிடித்துவிட்டது.

யாரும் தொடாமலே ஹோர்ன் "பாஆஆம்!" என்று அலறும். வேலியோரம் மேய்கிற மாடுகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். சில நாட்களில் எஞ்சின் நடுவழியில் சட்டென்று நின்றுவிடும். எல்லாரும் தொப்புத் தொப்பென்று கீழே குதிப்பார்கள். வாப்பா முன்மூடியைத் திறந்து பார்ப்பார். அங்கே எல்லாம் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். மூடியைச் சாத்தி, அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டி, "பிஸ்மில்லாஹ்" சொல்லித் திறப்பைத் திருப்புவார். ஜீப் உடனே உறுமிக்கொண்டு எழும்பும்.

"பாத்தியளே? தட்டிக் கேட்டாத்தான் கேக்கும்" என்பார் வாப்பா பெருமையாக.

தான் ஒன்றுமே செய்யவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

நெடுங்கேணியில் வாகன வயர் வேலை பார்க்கிற குகதாசனிடம் ஜீப்பைக் கொண்டுபோனார். அங்கே போனதும் ஜீப் நல்ல பிள்ளையாகிவிட்டது. குகதாசன் பற்றரியைப் பார்த்தார், முன்மூடிக்குள் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தார். ஜீப் ஒரு முக்கல்கூட முக்கவில்லை.

"நிஸார், வருத்தம் இருக்கேக்க கொண்டு வா. சுகமாயிருக்கேக்க கொண்டு வந்தா நான் என்னத்தைப் பாக்கிறது?" என்றார் குகதாசன்.

"வருத்தம் வந்தா அது எப்பிடி உன்னட்ட வரும்? நடுறோட்டில எல்லோ நிக்கும்!"

இரண்டு பேரும் தலையைச் சொறிந்துகொண்டார்கள்.

ஜீப்பின் இரகசியத்தைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக முதலில் சொன்னவன் யதுர்ஷன். ஏழாம் வகுப்புப் படிக்கிறவன். எதையும் கூர்ந்து பார்க்கிறவன். பார்த்ததை வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாதவன்.

"எல்லாரும் கேளுங்கோ" என்றான் ஒரு நாள். "சுமித்திரா வராத நாளில ஜீப் ஒருக்காலும் நிண்டதில்லை. யோசிச்சுப் பாருங்கோ."

எல்லாரும் யோசித்துப் பார்த்தார்கள். அவன் சொன்னது உண்மைதான்.

சுமித்திரா இந்த வருடம்தான் தர்மபுரத்திலிருந்து வந்தவள். அவளுடைய அப்பா சுடலைமுத்து மதகடியில் ஒரு தோட்டத்தில் வேலை செய்தார். அவள் நஃப்லாவின் வகுப்பு. முதல் நாள் அவள் மதகடியில் நின்று கை காட்டியபோது, ஜீப்பின் பின்பக்கம் பிள்ளைகளால் நிறைந்திருந்தது. முன்பக்கம் வாப்பாவுக்குப் பக்கத்தில் நஃப்லா மட்டும் ராணி மாதிரி இருந்தாள்.

"இஞ்ச வா, முன்னுக்கு ஏறு" என்று நஃப்லா நடுவுக்குத் தள்ளி இருந்து, யன்னல் பக்கத்தைச் சுமித்திராவுக்குக் கொடுத்தாள். மடியிலிருந்த புத்தகப் பையைக் காலடியில் இறக்கி வைத்தாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

சுமித்திராவுக்குக் காய்ச்சல் வந்த கிழமை ஜீப் நிற்கவேயில்லை. அவள் திரும்பி வந்த அன்றே காட்டு வளைவில் நின்றுவிட்டது. யதுர்ஷன் கவனித்தது சரிதான். கவனித்ததிலிருந்து அவன் எடுத்த முடிவில்தான் வில்லங்கம் இருந்தது.

"இவளின்ர முழிவியளம் சரியில்லை" என்றான். "இவளின்ர முகத்தில முழிச்சா ஜீப்புக்கும் ஆகாது."

பின்பக்கத்தில் எல்லாரும் சிரித்தார்கள். சுமித்திரா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"விசர்க்கதை கதையாத!" என்றாள் நஃப்லா. 

தவணைப் பரீட்சை தொடங்கிய நாளில்தான் விஷயம் முற்றியது. அன்றைக்கு ஜீப் வழியெல்லாம் நின்று நின்று போனது. பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது கணிதப் பரீட்சை பாதி முடிந்திருந்தது.

அன்று மாலை யதுர்ஷனின் அம்மா பிரேமிளா நஃப்லாவின் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு கதைத்தார்.

"நிஸார் அண்ணை, கோவிக்காதேங்கோ. எனக்கு இந்த முழிவியளத்தில பெரிய நம்பிக்கை இல்லை. எண்டாலும் பிள்ளையள் சொல்லுறதைப் பாத்தா... அந்தப் பிள்ளையைக் கொஞ்ச நாளைக்கு ஏத்தாம விட்டா என்ன?"

"அது எப்பிடி பிரேமிளா? சின்னப் பிள்ளை. யானை திரியிற றோட்டு."

"எங்கட பிள்ளையளும் சின்னப் பிள்ளையள்தானே அண்ணை. படிப்புப் போகுதெல்லோ."

வாப்பா தலையை மட்டும் ஆட்டினார். குசினிக்குள் அடுப்படியில் நின்று நஃப்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த மாதிரிக் கதைகளுக்குக் கால் முளைக்க ஓர் இரவு போதும். மறுநாள் காலை மதகடியில் சுமித்திரா இல்லை. ஜீப் கொஞ்சத் தூரம் போனதும், அவள் காட்டுப் பாதையில் தனியே நடந்து போவதைக் கண்டார்கள். சப்பாத்து இரண்டும் கையில் இருந்தன. கால் முழுக்கச் செம்மண். அவளுக்குப் பக்கத்திலேயே, இன்னும் ஆவி பறக்கிற யானை இலத்தி கிடந்தது.

வாப்பா பிரேக்கை ஓங்கி மிதித்தார். "மகள், ஏறு!"

"இல்லைங்க மாமா. நான் ஏறினா நின்னுரும். எல்லாருக்கும் லேட்டாயிரும். நான் நடந்தே போயிர்றேன்."

"ஏறு எண்டு சொல்லுறன். பரீட்சையைப் பிறகு பாப்பம்."

சுமித்திரா ஏறினாள். நஃப்லா வழக்கம்போலத் தள்ளி இருந்தாள். ஜீப் புறப்பட்டது. சிறிது தூரம் போனபிறகுதான் நஃப்லா ஒன்றைக் கவனித்தாள். சுமித்திரா மூச்சு விடவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பிடித்திருந்தாள். தான் மூச்சு விட்டாலும் ஜீப் நின்றுவிடும் என்று பயந்துபோயிருந்தாள் அந்தப் பிள்ளை.

ஒரு பள்ளம் வந்தது. ஜீப் குலுங்கியது. ஹோர்ன் அலறியது. எஞ்சின் நின்றது.

பின்பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. வாப்பா தட்டி எழுப்பியபிறகு ஜீப் மறுபடியும் ஓடியது. ஆனால், பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது சுமித்திரா நஃப்லாவின் காதருகே மெல்லச் சொன்னாள்:

"நாளையில இருந்து நான் பள்ளிக்கூடம் வரல நஃப்லா."

சொன்னபடியே அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஜீப் காற்றாய்ப் பறந்தது. யதுர்ஷன், "நான் சொன்னனான்தானே" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

யன்னல் பக்கம் மறுபடியும் நஃப்லாவுக்குக் கிடைத்தது. அதில் இருக்க அவளுக்குப் பிடிக்கவேயில்லை.

'ஒரு பிள்ளையின் மூச்சுக்கு இவ்வளவு பெரிய ஜீப் எப்படி நிற்கும்?' என்று யோசித்தாள். சோறு தின்னும்போதும் யோசித்தாள். கடைசியில் வாப்பாவிடம் வந்தாள்.

"வாப்பா, சனிக்கிழமை ஜீப்பை ஒருக்கா ஓடிப் பாப்பமா? பள்ளிக்கூடம் இல்லை. நிண்டா நிக்கட்டும், ஆருக்கும் பிந்தாது."

வாப்பா நெற்றியில் தட்டிக்கொண்டார். "எனக்கு ஏன் இது தோணேல்லை?" என்றார்.

சனிக்கிழமை காலை இருவரும் மதகடிக்குப் போனார்கள். வழியில் சைக்கிளில் வந்த யதுர்ஷன் விஷயத்தைக் கேட்டதும், "நானும் வாறன். ஒரு சாட்சி வேணுமெல்லோ" என்று சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுத் தொற்றிக்கொண்டான்.

சுமித்திரா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"வேணாம் நஃப்லா. மறுபடியும் நின்னா எல்லாரும் என்னையத்தான் சொல்லுவாங்க."

"இண்டைக்கு ஆரும் சொல்லமாட்டினம். நீ சும்மா வந்து இரு. உன்னைப் பாக்கவில்லை, ஜீப்பைத்தான் பாக்கப்போறம்."

சுடலைமுத்து மகளின் தலையைத் தடவினார். "போயிட்டு வா கண்ணு. அந்தப் பாப்பா இவ்வளவு தூரம் வந்து கூப்பிடுதுல்ல."

சுமித்திரா முன்பக்கம் தனியே இருந்தாள். நஃப்லாவும் யதுர்ஷனும் பின்னால் ஏறினார்கள். ஜீப் காட்டு வளைவுவரை போனது. இருக்கிற பள்ளம் எல்லாவற்றிலும் வாப்பா வேண்டுமென்றே இறக்கி ஏற்றினார். எலும்பெல்லாம் கழன்றுவிடும்போல இருந்தது. ஹோர்ன் மூச்சுக் காட்டவில்லை. எஞ்சின் நிற்கவில்லை.

"அப்ப சுமித்திரா இல்லை!" என்று கூவினாள் நஃப்லா.

யதுர்ஷன் தாடையைத் தடவினான். "இண்டைக்குச் சனிக்கிழமை. ஜீப்புக்கும் லீவா இருக்கும்."

நஃப்லா பின்னாலிருந்து முன்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். சுமித்திரா ஏறினால் ஜீப்பில் வேறு என்ன மாறுகிறது? வாப்பா அதே இடத்தில்தான் இருப்பார். பின்னால் இருக்கிறவர்களும் அசைவதில்லை. அப்படியென்றால்...

"நான்!" என்றாள். "நான்தான் மாறுறன். நடுவுக்குத் தள்ளி இருப்பன். வாப்பா, நிப்பாட்டுங்கோ!"

பள்ளிக்கூட நாள்போலவே எல்லாம் இருக்கவேண்டும் என்று அவள் புத்தகப் பையையும் கொண்டுவந்திருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிவந்து நடுவில் ஏறினாள். பையைக் காலடியில் வைத்தாள். பை இடத்தை அடைத்ததால் முழங்கால்களை உயர்த்தி, பாதங்களை முன்னால் நீட்டிக்கொண்டாள்.

"இனி ஓடுங்கோ."

ஜீப் புறப்பட்டது. ஒரு பள்ளம் போனது. ஒன்றுமில்லை. அடுத்தது கொஞ்சம் பெரிய பள்ளம்.

"பாஆஆம்!"

எஞ்சின் சட்டென்று நின்றது. சுமித்திராவின் முகம் வெளுத்துவிட்டது. யதுர்ஷன் பழக்கதோஷத்தில் கீழே குதிக்கப் பார்த்தான். வாப்பா கதவில் கை வைத்தார். நஃப்லாவும் எழும்பத்தான் போனாள். அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்று பட்டது. ஜீப் நிற்கும்போதெல்லாம் எல்லாரும் குதித்து இறங்குகிறோமே. இறங்கினால், என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்?

"ஒருத்தரும் அசையாதேங்கோ!" என்று கத்தினாள். "நானும் அசையமாட்டன். வாப்பா, என்ர காலைப் பாருங்கோ!"

வாப்பா கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நஃப்லாவின் சப்பாத்து நுனி முன் தட்டுக்கு அடியில் கட்டாகத் தொங்கிய வயர்களை அழுத்திக்கொண்டிருந்தது.

"மகள், வலக்காலை மெல்ல எடு."

எடுத்தாள். வாப்பா திறப்பைத் திருப்பினார். ஜீப் உறுமியது.

"இப்ப வை."

வைத்து அழுத்தினாள். ஜீப் நின்றது.

"எடு."

உறுமியது.

யதுர்ஷன் வாயைப் பிளந்தபடி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். வாப்பா சீற்றில் சாய்ந்துகொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து அவருடைய கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நஃப்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சூடானது. சுமித்திராவின் பக்கம் திரும்பினாள்.

"நீ இல்லை, சுமித்திரா. இவ்வளவு நாளும் ஜீப்பை நிப்பாட்டினது நான். என்ர கால்தான். மன்னிச்சுக்கொள்."

சுமித்திரா அந்தச் சப்பாத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப, நீ எனக்கு இடம் குடுத்ததாலதான் நின்னுச்சா?"

"ஓம்."

"எனக்காக இப்படிக் காலைக் குறுக்கிக்கிட்டா தினமும் வந்தே? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றாள் சுமித்திரா. இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெளியே வந்தது. நஃப்லாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நஃப்லாவும் சேர்ந்து அழுதாள். அழுதுகொண்டே இருவரும் சிரித்தார்கள்.

"அப்ப நான் சொன்னதில அரைவாசி சரிதானே?" என்றான் யதுர்ஷன் மெதுவாக.

"ஓமடா. மற்ற அரைவாசிதான் இந்தப் பிள்ளையை யானைக் காட்டில நடக்க வைச்சது" என்றார் வாப்பா. "அதைக் கேட்டுத் தலையை ஆட்டினதில நானும் சேர்த்தி" என்றும் சொன்னார்.

யதுர்ஷன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவன் வாயே திறக்கவில்லை. அவனைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அப்படியே நேராகக் குகதாசனிடம் போனார்கள். வருத்தம் எங்கே என்று இந்த முறை காட்ட முடிந்தது. அவர் அந்த வயர்களை வெளியே இழுத்தார். இரண்டு வயர்களில் பழைய மூட்டுகள் தெரிந்தன. ஒன்று திறப்புக்குப் போகிற வயர், மற்றது ஹோர்னுக்குப் போகிறது. மூட்டுகளைச் சுற்றி ஒரு கறுப்புத் துண்டு. குகதாசன் தொட்டதும் அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"இது வயர் சுத்துற ஒட்டு ரேப் இல்லை. சைக்கிள் ரியூப்!" என்றார் குகதாசன். "சண்டைக் காலத்தில இஞ்ச அது கிடையாது. ரியூப்பை வெட்டித்தான் சுத்துவம். இது காய்ஞ்சு வெடிச்சுப்போச்சு. உன்ர கால் பட்டா ஒரு வயர் விலகும், இல்லாட்டி மற்றதோட முட்டும்."

"சனியன் பிடிச்ச ரியூப்" என்றார் வாப்பா.

"திட்டாத நிஸார். இது இல்லாட்டி இந்த ஜீப் அப்பவே பழைய இரும்பாப் போயிருக்கும். இவ்வளவு வருசம் பிடிச்சுக்கொண்டு இருந்ததே பெரிய காரியம்."

வாப்பா உதிர்ந்த துண்டுகளைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார். "பெரிய உபகாரம்" என்று அந்த ரியூப் துண்டுக்கே சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

குகதாசன் வயர்களைப் புதிதாக மூட்டி, ரேப் சுற்றி, யாருடைய காலும் எட்டாத உயரத்தில் கட்டிவிட்டார்.

மதகடியில் சுடலைமுத்து றோட்டுக்கு வந்து காத்துக்கொண்டு நின்றார். சுமித்திரா குதித்து இறங்கி ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் வந்து வாப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். 

"புள்ள படிப்பு போச்சேன்னு ரெண்டு நாளா நாங்க தூங்கலைங்க" என்றார். "பெரிய உதவிங்க."

"எனக்குச் சொல்லாதேங்கோ. மகளுக்குச் சொல்லுங்கோ" என்றார் வாப்பா.

"நீ நல்லா இருக்கணும் பாப்பா" என்றார் சுடலைமுத்து. நஃப்லாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அன்று மாலை பிரேமிளா அன்ரி சுமித்திராவின் வீட்டுக்குத் தனியே போனார். அங்கே என்ன கதைத்தார் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது அவருடைய கையில் ஒரு கட்டு மரவள்ளிக்கிழங்கு இருந்தது.

திங்கட்கிழமை ஜீப் மதகடியில் நின்றது. நிறுத்தியதால் நின்றது. சுமித்திரா சப்பாத்தும் வெள்ளைச் சட்டையுமாக ஏறி யன்னல் பக்கத்தில் இருந்தாள். முதல் பள்ளம் வந்ததும் அவளுடைய கன்னம் உப்பியது.

"மூச்சு விடு!" என்றாள் நஃப்லா.

சுமித்திரா 'புஸ்'ஸென்று மூச்சை விட்டாள். ஜீப் ஓடிக்கொண்டேயிருந்தது. மணி அடிக்க முன்பே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது நல்ல வெயில். காட்டு வளைவு தாண்டியதும் நஃப்லாவின் தோளில் ஏதோ பாரமாக விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். சுமித்திரா நித்திரையாகிவிட்டாள். வாய் இலேசாகத் திறந்திருந்தது. இத்தனை மாதங்களில் அவள் இந்த ஜீப்பில் கண் அயர்ந்ததேயில்லை. எப்போது நிற்குமோ, எப்போது சிரிப்பார்களோ என்று பயந்து பயந்தே வந்தவள். இப்போது அவளைப் பார்க்க நஃப்லாவின் மனம் நிறைந்துபோயிற்று.

பின்பக்கமிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. யதுர்ஷன்.

"மாமா" என்றான் இரகசியக் குரலில். "பள்ளம் வருது. மெல்ல இறக்குங்கோ."

வாப்பா மெல்ல இறக்கினார். மதகடிவரைக்கும் மெல்லத்தான் ஓட்டினார். சைக்கிளில் போன ஒருவர் ஜீப்பை முந்திக்கொண்டு போனார்.

அன்றைக்கு எல்லாரும் வீட்டுக்குப் பிந்தித்தான் போனார்கள். வீட்டுப் படலையடியில் காத்துக்கொண்டு நின்ற பிரேமிளா அன்ரி, "என்னடா, திரும்பவும் ஜீப் நிண்டதே?" என்று கேட்டார்.

"இல்லையம்மா" என்றான் யதுர்ஷன். "சுமித்திரா நித்திரை கொண்டவள். எழுப்பக் கூடாதெண்டு மெல்ல வந்தனாங்கள்."